அலெக்ஸிலிருந்து மால்ஸ்டோர்ஃப் வரை: ஒரே சாலை, ஆறு பெயர்கள்

பெர்லினுக்கு வந்த இரண்டாவது வாரம் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனேன். ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே, இருநூற்றுச் சொச்சம் என்று விலாசம். மெட்ரோ வரைபடத்தைப் பார்த்தால் ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது, பெயர் பொருந்துகிறது, சரி இறங்கிவிடலாம் என்று இறங்கி மேலே வந்தால் கண்ணெதிரே கதவு எண் 1, 2, 3. பிப்ரவரி மாதம், காதைப் பிடுங்கும் குளிர், அப்படியே கிழக்கே நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது வீடு காட்ட வந்தவர் அடுத்த ஆளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கியிருக்க வேண்டியது மூன்று நிறுத்தம் தள்ளி, மக்டலேனன்ஷ்ட்ராஸவில்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பெர்லினின் கிழக்குப் பக்கம் வீடோ வேலையோ கிடைத்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு சாலையைக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளை பிரிகிற மாதிரிதான். நகரின் நடுவே, எல்லாரும் சுருக்கமாக அலெக்ஸ் என்று சொல்லும் அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் தொடங்கி கிழக்கே கிட்டத்தட்ட நேர்கோடாக நகர எல்லை வரை 15 கிலோமீட்டர் சொச்சம் போகிறது.

முதலில் பெயர்கள்

சாலை ஒன்றுதான், பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகும். அலெக்ஸிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர் வரை கார்ல் மார்க்ஸ் அலே. அங்கிருந்து லிஷ்டென்பெர்க் வரை ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே. அப்புறம் ஆல்ட்-ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே, ஆல்ட்-பீஸ்டோர்ஃப், ஆல்ட்-கௌல்ஸ்டோர்ஃப், ஆல்ட்-மால்ஸ்டோர்ஃப். ஆல்ட் என்றால் பழைய. இந்த நான்கும் ஒரு காலத்தில் தனித்தனி கிராமங்கள், 1920இல் பெர்லினோடு சேர்த்தார்கள். கிராமத்தின் நடுவே போன பழைய தெருவுக்குத்தான் அந்தப் பெயர். பெயர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கதவு எண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் என்னைப் போல நடக்க வேண்டியிருக்காது. விலாசத்தில் ஐந்திலக்க அஞ்சல் எண்ணையும் சேர்த்தே வரைபடத்தில் தட்டுங்கள், தெருப்பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு குழப்பம், இதில் விழாதவர் குறைவு. இந்தச் சாலைப் பெயரில் இருக்கும் ஃபிராங்க்ஃபுர்ட், விமான நிலையத்துக்குப் பேர்போன அந்த ஃபிராங்க்ஃபுர்ட் அல்ல. அது மைன் நதிக்கரையில், மேற்கே. இது போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில் இருக்கும் சின்ன ஃபிராங்க்ஃபுர்ட். ரயில் டிக்கெட் போடும்போது பெயருக்குப் பின்னால் ஓடர் என்று இருக்கிறதா, மைன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சாலைப் பலகைகளில் மஞ்சள் கட்டத்துக்குள் 1, 5 என்று இரண்டு எண்களும் சேர்ந்து வரும். இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் இங்கே ஒரே தடத்தில் போகின்றன. பி1 நாட்டின் மேற்கு எல்லையில் ஆஹன் நகரிலிருந்து வருவது, பி5 வடக்கே டென்மார்க் எல்லையிலிருந்து வருவது. நகரைத் தாண்டி முன்ஷபெர்க் ஊரில் இரண்டும் பிரியும். பி5 ஓடர் ஃபிராங்க்ஃபுர்ட்டுக்கும், பி1 போலந்து எல்லையில் க்யூஸ்ட்ரினுக்கும் போகும்.

டிக்கெட், மண்டலம், எந்த வண்டி

இந்தச் சாலைக்கு அடியிலேயே ஒரு மெட்ரோ ஓடுகிறது, யூ5. அலெக்ஸிலிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே வரை 1930 டிசம்பரில் திறந்தது. மறுமுனையில் பல வருடம் அலெக்ஸோடு நின்றுகொண்டிருந்த வண்டி, 2020 டிசம்பரில்தான் தலைமை ரயில் நிலையமான ஹௌப்ட்பான்ஹோஃப் வரை நீண்டது. கிழக்கே போக வேண்டுமென்றால் ஹோனோவ் என்று எழுதியிருக்கும் வண்டி, ஊருக்குள் வர வேண்டுமென்றால் ஹௌப்ட்பான்ஹோஃப் என்று எழுதியிருக்கும் வண்டி. சாலையோடு ஒட்டி வரும் நிறுத்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஷில்லிங்ஷ்ட்ராஸ, ஷ்ட்ரௌஸ்பெர்கர் பிளாட்ஸ், வேபர்வீஸ, ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர், சமாரிட்டர்ஷ்ட்ராஸ, ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே, மக்டலேனன்ஷ்ட்ராஸ, லிஷ்டென்பெர்க். அதற்குப் பிறகு மெட்ரோ மெல்ல விலகித் தன் வழியில் போய்விடும்.

அதன்பின் துணைக்கு வருவது எஸ்5 புறநகர் ரயில். சாலைக்குக் கொஞ்சம் வடக்கே, இணையாக ஓடும். லிஷ்டென்பெர்க், ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே ஓஸ்ட், பீஸ்டோர்ஃப், வூலடால், கௌல்ஸ்டோர்ஃப், மால்ஸ்டோர்ஃப், பிறகு நகரம் முடிந்து ஹோப்பகார்ட்டன், இன்னும் தள்ளி ஷ்ட்ரௌஸ்பெர்க். இதில் ஒரு கவனம் வேண்டும். லிஷ்டென்பெர்க்கில் ஒரே நடைமேடையில் எஸ்5, எஸ்7, எஸ்75 மூன்றும் வந்து போகும். ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே ஓஸ்ட் தாண்டியதும் எஸ்7, எஸ்75 இரண்டும் வடக்கே திரும்பிவிடும். தூங்கி விழுந்துகொண்டு எஸ்7இல் ஏறி மார்சானில் கண் விழித்தவர்களை எனக்குத் தெரியும், ஒருவரைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

மண்டலம்: ரிங் எனப்படும் வட்டப்பாதை ரயிலுக்கு உள்ளே இருப்பது ஏ, அதற்கு வெளியே நகர எல்லை வரை பி, எல்லைக்கு வெளியே சி. மால்ஸ்டோர்ஃப் வரை ஏபி டிக்கெட் போதும். அடுத்த நிறுத்தம் பிர்க்கன்ஷ்டைன், அது சி. ஒருமுறை குதிரைப் பந்தய மைதானம் பார்க்கலாம் என்று ஏபி டிக்கெட்டோடு ஹோப்பகார்ட்டன் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த, ஜீன்ஸும் முதுகுப்பையுமாக இருந்த ஒருவர் பைக்குள்ளிருந்து கருவியை எடுத்து டிக்கெட் என்றார். 60 யூரோ. தப்பு என்னுடையதுதான், ஒரு மண்டலம் தாண்டியதற்கு இவ்வளவா என்று மனம் ஆறவில்லை. இங்கே சோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் வருவார்கள், நிலையத்தில் தடுப்புக் கதவும் கிடையாது. காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த மறந்துவிடாதீர்கள், குத்தாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் அவர்களுக்கு ஒன்றுதான்.

தினமும் போய்வருபவர் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டை எடுத்துவிடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026 தொடக்கத்திலிருந்து 63. ஏறிக்கொண்டே போகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு, ஆனாலும் ஏபிசி தலைவலி இல்லை, நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளிலும் போகலாம். சந்தா முறை என்பதால் நிறுத்த வேண்டுமென்றால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் வேலை: ஒரு ஞாயிற்றுக்கிழமை நடங்கள்

வண்டியில் போனால் இந்தச் சாலை பிடிபடாது. கடைகள் மூடியிருக்கும், வேறு வேலையில்லாத ஒரு ஞாயிறு காலை ஷில்லிங்ஷ்ட்ராஸவில் இறங்கி ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர் வரை நடங்கள். நின்று பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

முதலில் கண்ணில் படுவது அகலம். சுவரிலிருந்து சுவர் வரை ஏறக்குறைய 90 மீட்டர். நம் ஊர் நாலுவழிச் சாலையைப் பார்த்த கண்ணுக்கு இது சாலையா மைதானமா என்று தோன்றும். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் மே தினத்துக்கும் அக்டோபர் 7 குடியரசு தினத்துக்கும் டாங்கிகள் அணிவகுத்துப் போன இடம் இது. ஷில்லிங்ஷ்ட்ராஸ பக்கம் இருப்பவை 1960களின் கட்டடங்கள்: கான்கிரீட் பலகைகளால் எழுப்பிய அடுக்குமாடிகள், 1963இல் திறந்த கினோ இன்டர்நேஷனல் திரையரங்கம், அதற்கு எதிரே கஃபே மாஸ்கோ. ஷ்ட்ரௌஸ்பெர்கர் பிளாட்ஸ் வட்டத்தில் நீரூற்றைத் தாண்டியதும் காட்சி சட்டென்று மாறும். தூண்களும் தலைப்பலகைகளும் பீங்கான் ஓடுகளுமாக ஏழெட்டு மாடி மாளிகைகள் வரிசையாக நிற்கும். ஜெர்மன்காரர்கள் கொஞ்சம் கிண்டலாக இதற்கு மிட்டாய்க்காரர் பாணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கல்யாணக் கேக் மாதிரி அலங்காரம் என்பதால். 1952 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாஸ்கோவைப் பார்த்துக் கட்டியது. மாளிகை மாதிரி இருந்தாலும் உள்ளே தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகள்தான், லிஃப்டும் மைய வெப்பமூட்டியும் வைத்து. போரில் இடிந்து கிடந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது இதற்கு ஸ்டாலின் அலே என்று பெயர், ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, 1949 டிசம்பர் 21 அன்று வைத்தது. அந்த மாளிகைகளைக் கட்டிய கொத்தனார்களும் கூலியாட்களும்தான் 1953 ஜூன் 16 அன்று கருவியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். காரணம், கூலியை ஏற்றாமலேயே வேலை அளவை 10 சதவீதம் உயர்த்தியது. மறுநாள் அது நாடு முழுக்கப் பரவியது, சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. அலெக்ஸுக்கு மேற்கே, பிராண்டன்புர்க் வாசலைத் தாண்டினால் ஜூன் 17 சாலை என்று ஒன்று வருகிறதே, அந்தப் பெயர் இந்த நாளுக்காக மேற்கு பெர்லின் வைத்தது. கிழக்கே எழுந்த கலகம், மேற்கே பெயர்ப்பலகை.

1961 நவம்பரில் ஒரே இரவில் ஸ்டாலின் பெயரையும் சிலையையும் அகற்றினார்கள். காலையில் எழுந்தவர்கள் வேறு தெருவில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். கார்ல் மார்க்ஸ் அலே 72ஆம் எண்ணில் கஃபே சிபில் என்ற பழைய காபிக்கடை இருக்கிறது. உடைத்த அந்த வெண்கலச் சிலையின் ஒரு காதும் மீசையில் ஒரு துண்டும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு காபி குடித்துவிட்டு அந்தக் காதைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சாலையின் கதையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கடைசியில் ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர். டோர் என்றால் வாசல், ஆனால் வாசல் எதுவும் இல்லை, எதிரும் புதிருமாக இரண்டு குவிமாடக் கோபுரங்கள். கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹென்செல்மன் வடிவமைத்தவை. இந்தக் கோபுரங்களை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், திசை தடுமாறும்போதெல்லாம் உதவும்: கோபுரம் மேற்கே தெரிந்தால் நீங்கள் வெளியூர்ப் பக்கம் நிற்கிறீர்கள். குறுக்கே எம்10 டிராம் போகும். வெள்ளி, சனி இரவுகளில் அதில் ஏறினால் பாதி வண்டி பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், குழந்தையோடு போகிறவர்கள் யோசித்து ஏறுங்கள்.

அன்றாட வேலைகளுக்கு

ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோரிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே நிலையம் வரையிலான ஒன்றரைக் கிலோமீட்டர்தான் நடைமுறை வாழ்க்கை. வீடு கிடைத்து 14 நாளுக்குள் விலாசப் பதிவு செய்ய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள், அது இல்லாமல் இங்கே எதுவும் நகராது. குடிமக்கள் அலுவலகம் ஒன்று ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே 35-37ஆம் எண்ணில் இருக்கிறது. ஆனால் பெர்லினில் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதிவு செய்யலாம் என்பதால் இங்கேதான் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இணையத்தில் காலை எட்டு மணி வாக்கில் அடிக்கடி புதுப்பித்துப் பார்த்து, எங்கே இடம் விழுகிறதோ அங்கே போய்விடுங்கள். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய குடியேறிய சான்று கையில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே நிலையத்தை ஒட்டி ரிங் சென்டர் என்று பெரிய வணிக வளாகம். பாத்திரம், போர்வை, சிம் அட்டை, குளிர்கால பூட்ஸ் என்று முதல் மாதத் தேவை பெரும்பாலும் அங்கேயே முடியும். ஞாயிறு எல்லாம் மூடல், இதை வந்த முதல் வாரமே எல்லாரும் பட்டினி கிடந்து தெரிந்துகொள்கிறார்கள். ரிங் ரயில் இங்கேதான் குறுக்கே போகிறது. எஸ்41 கடிகாரச் சுற்று, எஸ்42 எதிர்ச்சுற்று. சுற்றிச் சுற்றித்தான் வரும் என்பதால் தவறான வண்டியில் ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள், பயப்பட ஒன்றுமில்லை.

சமையல் சாமான்? இங்கே நம் ஆட்கள் பலர் செய்யும் தப்பு, எதற்கெடுத்தாலும் ஊரின் அந்தக் கோடிக்கு இந்தியக் கடை தேடிப் போவது. சாலைக்கு வடக்கே ஹெர்ட்ஸ்பெர்க்ஷ்ட்ராஸவில் டாங் சுவான் சென்டர் இருக்கிறது, வியட்நாம்காரர்களின் மொத்த வியாபாரச் சந்தை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஆயிரக்கணக்கான வியட்நாமியர் வந்தார்கள், சுவர் விழுந்து ஆலைகள் மூடியதும் வேலை போய்க் கடை போட்டார்கள். முன்பு மின்கருவிகளுக்கான கரிப்பாகங்கள் செய்த ஆலை இருந்த மனையில் இப்போது நீள நீளமான கூடங்கள். பாகற்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, தேங்காய், முழு மீன், அரிசி மூட்டை. எம்8 டிராமில் ஹெர்ட்ஸ்பெர்க்ஷ்ட்ராஸ இண்டஸ்ட்ரீகபீட் நிறுத்தம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த பை ஒன்று எடுத்துப் போனால் தோள் தப்பிக்கும்.

ரிங் தாண்டி

வீடு தேடுகிறவர்கள் எல்லாரும் ரிங்குக்கு உள்ளேயே வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். என் கருத்து வேறு. லிஷ்டென்பெர்க்கில் யூ5, எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில், வட்டார ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது அலெக்ஸுக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஒன்று மட்டும்: சாலையைப் பார்த்த ஜன்னல் உள்ள வீடு என்றால் வேலைநாள் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், ஞாயிறு காலை காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் முற்றம் பார்த்த வீடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மக்டலேனன்ஷ்ட்ராஸவில் இறங்கினால் ஸ்டாசி எனப்பட்ட கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் தலைமையகம், இப்போது அருங்காட்சியகம். 1990 ஜனவரி 15 அன்று மக்கள் உள்ளே புகுந்த இடம். அதன் தலைவராக இருந்த அமைச்சர் மீல்கெயின் அறை நாற்காலியோடும் தொலைபேசியோடும் அப்படியே இருக்கிறது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

குழந்தைகள் உள்ளவர்களுக்கு: பெர்லினில் இரண்டு விலங்குக் காட்சிசாலைகள். மேற்கே இருப்பது சூ, இங்கே ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டேயில் இருப்பது டியர்பார்க், 1955இல் ஒரு பழைய அரண்மனைப் பூங்காவில் தொடங்கியது. 160 ஹெக்டேர். ஒருவரோடு ஒருவர் சூவில் சந்திப்போம் என்று பேசி, ஒரு குடும்பம் கிழக்கிலும் ஒரு குடும்பம் மேற்கிலும் நின்ற கதைகள் உண்டு. யூ5இல் டியர்பார்க் என்றே நிறுத்தம் இருக்கிறது. குழந்தை வண்டி இல்லாமல் போனால் திரும்பும்போது தோளில் சுமக்க வேண்டிவரும்.

நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி இரண்டாவது ஞாயிறு. 1919 ஜனவரியில் கொல்லப்பட்ட இடதுசாரித் தலைவர்கள் ரோசா லுக்சம்பர்க், கார்ல் லீப்க்னெஷ்ட் இருவரின் நினைவாக ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோரிலிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே கல்லறை வரை சிவப்புக் கார்னேஷன் பூக்களோடு ஊர்வலம் போகும். அன்று காலை சாலை அடைத்திருக்கும். விமானம் பிடிக்க டாக்சி சொல்லியிருந்தால் முந்தைய நாளே வேறு வழி பார்த்துவிடுங்கள்.

சைக்கிள்

ஷ்ட்ரௌஸ்பெர்கர் பிளாட்ஸ் வரையிலான பகுதியைச் சமீபத்தில் புதுப்பித்தபோது அகலமான சைக்கிள் தடம் போட்டார்கள், அங்கே நிம்மதி. கிழக்கே போகப் போகத் தடம் குறுகும், நடைபாதைமேல் ஏறும், மர வேர் தள்ளிய கல்லில் குலுக்கும். வலப்பக்கத் தடத்தில் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும்; எதிர்த்திசையில் போனால் எதிரே வரும் கிழவி கூடத் திட்டுவார். சிவப்பு விளக்கை மீறினால் 60 யூரோ, சிவப்பாகி ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 100 யூரோ; இரண்டிலும் போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளியும் ஏறும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 55. நடக்கிறவர்களுக்குச் சிவப்பில் கடந்தால் வெறும் 5 யூரோ, ஆனால் பக்கத்தில் குழந்தை நின்றால் அந்த 5 யூரோவைவிடப் பெரிய அர்ச்சனை பெற்றோரிடமிருந்து கிடைக்கும்.

உண்மையான ஆபத்து வலப்பக்கம் திரும்பும் லாரிகள். உங்களுக்குப் பச்சை, அவருக்கும் பச்சை, நீங்கள் நேரே, அவர் வலப்பக்கம். சட்டப்படி அவர் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். ரயிலில் சைக்கிள் ஏற்ற தனி டிக்கெட் வேண்டும், டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் அது சேராது.

கார்

இந்திய, இலங்கை உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் சர்வதேச அனுமதியோ மொழிபெயர்ப்போ சேர்த்து. அதன்பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. ஆறு மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். காகித வேலைக்கே மாதக்கணக்காகும், வந்த மறுவாரமே தொடங்குங்கள்.

ரிங்குக்கு உள்ளே வர முன்கண்ணாடியில் பச்சை வில்லை ஒட்டியிருக்க வேண்டும், சுற்றுச்சூழல் மண்டலம். இல்லாவிட்டால் 100 யூரோ. கிழக்கேயிருந்து வரும்போது ஃபிராங்க்ஃபுர்ட்டர் அலே ரயில் பாலத்தை ஒட்டித்தான் அந்த எல்லை. கார் வாங்கும்போதே வில்லை இருக்கிறதா, அதில் எழுதியிருப்பது இப்போதைய வண்டி எண்தானா என்று பாருங்கள்.

சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் பச்சை அம்பு இருந்தால் வலப்பக்கம் திரும்பலாம். இது கிழக்கு ஜெர்மனியின் பழைய வழக்கம், இணைப்புக்குப் பிறகும் தப்பிப் பிழைத்தது. ஆனால் முதலில் வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும், சும்மா மெதுவாக்கினால் போதாது. ஒட்டுத்தெருக்களுக்குள் நுழைந்தால் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. பெரிய சாலையில் ஓட்டிப் பழகிய வேகத்தில் போய் இதில்தான் இடிக்கிறார்கள்.

ஆல்ட்-ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டேயில் சாலை அகன்று கிடக்கும், இருபுறமும் உயரமான அடுக்குமாடிகள், கால் தானாக அழுத்தும். அழுத்தாதீர்கள், ஊருக்குள் 50தான். பீஸ்டோர்ஃபில் பழைய சீமென்ஸ் குடும்ப மாளிகையின் பூங்காவைத் தாண்டினால் கௌல்ஸ்டோர்ஃப், மால்ஸ்டோர்ஃப். அங்கே இது நெடுஞ்சாலை என்பது மறந்துபோய் மறுபடி கிராமத் தெருவாகிவிடும், மாலையில் எறும்பு வரிசைதான். பெர்லினைச் சுற்றிய ஏ10 அதிவேகச் சாலை இன்னும் கிழக்கே. ஏறியபின் நெரிசல் கண்டால் இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்சுக்கு வழிவிட வேண்டும். சைரன் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, வண்டிகள் ஊரத் தொடங்கும்போதே ஒதுங்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

மால்ஸ்டோர்ஃபில் இறங்கினால் 62ஆம் எண் டிராம் நிற்கும், தெற்கே க்யோப்பனிக் வரை போகும், அங்கே ஆறும் அரண்மனையும் இருக்கின்றன. கோடையில் ஒரு அரைநாளுக்கு நல்ல சுற்று.

சாலையின் பெயருக்குரிய ஊரையே பார்த்துவிடலாம் என்று தோன்றினால் காரே வேண்டாம். அலெக்ஸிலிருந்து ஆர்இ1 வட்டார ரயில், டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நிலையத்திலிருந்து கீழே இறங்கி நடந்தால் ஓடர் நதி, அதன்மேல் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் போலந்தின் ஸ்லூபிட்ச. நடந்தே நாடு மாறலாம். அங்கே யூரோ கிடையாது, ஸ்லோட்டி. கடைகளில் அட்டை கொடுத்துவிடுங்கள், தெருவோரம் காசு மாற்ற நிற்காதீர்கள். இரு நாடுகளும் வழக்கமாக எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிதான் என்றாலும் 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மன் காவலர்கள் திரும்பி வருகிறவர்களைச் சோதிக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாக எடுத்துப் போங்கள், போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.